தாலி கழற்றும் காட்சி

என்னங்க,

மூன்று நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை இங்கே நியூஜெர்சியில் படப்பிடிப்பு. அந்த விதவை நீதிபதி நான்தான்.

பதினோரு வருடமாக ஆங்கிலத் தொடர்களில் நர்ஸாகவும் கடைக்காரியாகவும் வந்து போனேன். இரண்டு சினிமாக்களில் என் முதுகு மட்டும் தெரிந்தது. அதைக்கூட பிளானோ ஊரில் நம் வீட்டுக்கு வந்தவர்களிடம், "பாருங்க, என் ஒய்ஃப்!" என்று நிறுத்தி நிறுத்திக் காட்டியவர் நீங்கள். இப்போதுதான் முதல்முறையாக என் பாத்திரத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எட்டு எபிசோட்.

"வேற எந்த ரோல் வேணா பண்ணு. தாலியக் கழட்டிட்டு மட்டும் நடிக்காத. மார்ச்லதான எனக்கு ஸ்டென்ட் வெச்சாங்க" என்றீர்கள். ஈரோட்டிலிருந்து அத்தையும், "எம்பையன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ உனக்கு இதென்ன வேலை?" என்று அழுதார்கள்.

உங்கள் இதயத்தைக் காப்பாற்றியவர் டாக்டர். என் கழுத்துச் சங்கிலி அல்ல. கழற்றத்தான் போகிறேன். காலை மாத்திரையை விடாமல் போடுங்கள், மீதிச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

இறந்த கணவர் படத்துக்கு மாலை போடும் காட்சி ஒன்று இருக்கிறது. செட்டில் மாட்டுவதற்கு உங்கள் போட்டோவைக் கேட்டார்கள். தர முடியாது என்றேன். சும்மா நடிப்புதானே என்று மறுபடியும் கேட்டார்கள். அப்படியானால் வேறு நீதிபதியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மனைவி