எதிர்க்கரைச் சன்னல்

என் செல்ல மகளுக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போன் செய்தால் நீ எடுக்க வரமாட்டேன் என்கிறாயாம், நர்ஸ் சொன்னாள். போகட்டும், இதைப் படித்தால் போதும்.

நேற்று அசுந்தா அத்தையோடு படகேறி, முன்பு குடியேற வருபவர்களைச் சோதித்து அனுப்பிய தீவில் பாழடைந்து கிடக்கும் அந்தப் பழைய ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனேன். சிசிலியிலிருந்து கப்பலில் நியூயார்க் வந்து இறங்கிய அன்றே, ஆறு வயதில், தட்டம்மை என்று உன் தாத்தாவைப் படுக்கவைத்த இடம். கூரை உதிர்கிறது என்று எல்லோருக்கும் தலைக்கவசம் கொடுத்தார்கள். "காலைலதான் தலைமுடியச் சுருட்டிட்டு வந்தேன், அதுமேல இந்தச் சட்டியக் கவுக்கறீங்களா?" என்று அத்தை வழிகாட்டியிடம் சண்டை பிடித்தாள்.

குழந்தைகள் வார்டில் சன்னல் வழியாகக் கொடி உள்ளே வந்திருந்தது. அத்தை அதை விலக்கிவிட்டு, "இங்கேருந்துதான் எங்கப்பா தினமும் அவங்கம்மாவுக்குக் கை காட்டுவாராம். அவங்களத் தங்க வெச்சிருந்த எதிர்க்கரைக் கட்டடத்துலேருந்து அவங்களும் காட்டுவாங்களாம்" என்றாள்.

வழிகாட்டி தயங்கினார். "அவ்வளவு தூரத்துல முகம் தெரியாதும்மா. யாரோ ஒரு அம்மா, சன்னல்ல நின்ன பிள்ளைக்கெல்லாம் காட்டியிருப்பாங்க."

அத்தை கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, "எவளா இருந்தா என்ன? அவள நம்பித்தானே எங்கப்பா பொழச்சு வந்தாரு" என்றாள்.

யாரும் பார்க்க வரக் கூடாது என்று நீயே சொல்லியிருக்கிறாயாம். நான் உள்ளே வரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் மஞ்சள் கோட்டோடு நிற்பேன். உன் சன்னல் எதுவென்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள்.

எல்லாச் சன்னல்களுக்கும் கை காட்டுகிறேன்.

உன் அம்மா