சீன மகாராணி கதையில் நீ வாசிக்காமல் விட்ட பக்கங்கள்

என் அன்பான மனோன்மணிக்கு,

எழுத்துக் கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். ‘ஞ’ ஒன்றுக்கே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. காலையில் தொடங்கினால் ஒரு பக்கம் முடிய மத்தியானம் ஆகிவிடுகிறது, விரல் நோகிறது. ஆனாலும் மணி, இதை எழுதுவது நானேதான்.

நீ போய் நாலு வருசம். நான் இப்போது சுவிஸில், ஷாஃப்ஹவுசன் நகரில், நம் ரவியோடு இருக்கிறேன். அவன் வேலைக்குப் போனபின் மருமகள் சுகந்தி சமையலறை மேசையில் டொச் என்கிற ஜெர்மன் பாஷை படிப்பாள். நான் தமிழ்ப் பேப்பரில் படம் மட்டும் பார்ப்பதை ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிட்டாள். “மாமா, நான் அவையின்ரை எழுத்தைப் படிக்கிறன், நீங்கள் எங்கடையைப் படியுங்கோ. ஆர் முதல் பாஸ் எண்டு பாப்பம்” என்றாள். ரவிக்கு அவள் சொல்லவில்லை. பாஸானது நான்தான்.

முதலில் வாசித்த முழுப் புத்தகம் எது தெரியுமா? அந்தச் சீன மகாராணியின் சரித்திரம். சுகந்தியின் சிநேகிதி வீட்டில் பழைய பிரதி ஒன்று இருந்தது. மகாராணி தன் கையால் எழுதிய ஆணை ஒன்றில் எழுத்துப்பிழை மலிந்து கிடந்ததாம். அதை வாசித்து நான் தனியே இருந்து சிரித்தேன்.

புகையிலைக் கொட்டிலில் நான் இலை கோர்க்க, நீ வாசிப்பாயே. வாசிகசாலையில் என் பெயரில் எடுத்த புத்தகம். மஞ்சு குலத்துப் பெண், அரசனின் கடைநிலை மனைவியரில் ஒருத்தியாக அரண்மனைக்குள் போய், ஆண்பிள்ளை பெற்று, அரசன் இறந்தபின் நாட்டையே ஆண்டவள். பெற்ற மகன் இளவயதில் சாக, தங்கையின் பிள்ளையை அரியணையில் ஏற்றினாள். பிறகு அவனையே அடைத்து வைத்தாள். அவன் இறந்த மறுநாள் தானும் போய்ச் சேர்ந்தாள். நீ வாசித்ததையெல்லாம் பின்னேரம் வாசிகசாலையில் நானே வாசித்ததுபோல் சொல்வேன்.

“அண்ணை, வீட்டிலை மனுசிக்கும் உந்தக் கதையைச் சொல்லுறனீங்களோ?” என்று ஒருநாள் கேட்டார்கள்.

“அவளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. சீனத்துக் கதை எங்கை விளங்கப்போகுது?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ குடையோடு வாசலில் நின்றாய். வீட்டுக்கு வந்து, “நாளைக்கு எந்தப் பக்கத்திலையிருந்து வாசிக்கிறது?” என்று மட்டும் கேட்டாய். ஏன் மணி, ஒரு சொல் ஏசியிருக்கலாமே?

இந்த முறை நானே வாசித்தபோது, எனக்குத் தெரியாத பக்கங்கள் நடுவில் வந்தன. அந்தச் சின்னப்பிள்ளை அரியணையில் இருப்பானாம். பின்னால் மஞ்சள் பட்டுத் திரை. மகாராணி திரைக்குப் பின்னால் இருந்து மந்திரிமார் சொல்வதைக் கேட்டு முடிவு சொல்வாளாம். பிள்ளை சும்மா இருப்பானாம்.

புத்தகத்தை மூடிவிட்டேன். ஊரில் ஆராவது காணி உறுதிப் பத்திரம் கொண்டுவந்து நீட்டினால், “கண்ணாடி உள்ளை கிடக்கு” என்று எழும்பி, அறைவாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால் உன்னிடம் வருவேன். நீ காதுக்குள் வாசிப்பாய். நான் வெளியே போய் விளக்கம் சொல்வேன். எனக்கு வெட்கமாகிவிடும் என்றுதான் அந்தப் பக்கங்களைத் தாண்டினாயா?

உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவுப் புத்தகத்தையும் வாசித்தேன். ‘எழுத்தறியாதபோதும் இல்லறம் காத்தவள்’ என்று போட்டிருக்கிறது. ஊர் வாத்தியார் என்னைக் கேட்டுத்தான் அதை எழுதினார். உன்னை எரித்து ஒரு மாதம் ஆகவில்லை, அப்போதும் பொய் சொன்னேன்.

போன ஞாயிறு ரவியிடம் எல்லாம் சொன்னேன்.

“அப்ப, நான் கொழும்பிலை படிக்கேக்கை நீங்கள் போட்ட கடிதங்கள்?”

“அம்மா எழுதினது.”

“எல்லாமோ?”

“ஓம்.”

அவன் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்துவந்தான். நாடு நாடாகக் கடந்து வந்தபோதும், அப்பாவின் எழுத்து என்று விடாமல் கொண்டுவந்த கட்டு. ஒவ்வொன்றாக மேசையில் விரித்தான். “அம்மான்ரை கைபட்டது ஒண்டும் என்னட்டை இல்லையெண்டு கவலைப்பட்டுக்கொண்டு இருந்தனான்” என்று சுகந்தியிடம் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்தை இங்கே நம்மவர்கள் நடத்தும் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் இதே நாட்டில் டீட்டிகோன் என்ற ஊரில் இருக்கிறார்களாம். அவர்களும் வாசிக்கட்டும்.

அந்தக் கட்டைத் தா என்று ரவியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்பேன். என் பெயரில் நீ நம் பிள்ளைக்கு என்னென்ன புத்தி சொன்னாய், என்னை எப்படிப்பட்ட தகப்பனாக எழுதிவைத்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். முதல் கடிதத்தையாவது எழுத்துக்கூட்டி வாசித்து, வருகிற கிழமை உனக்குப் பதில் போடுகிறேன்.

உன் பிள்ளையின் அப்பா