ரசீதில் யார் பெயர்

ஜூலை 14, இரவு

மழை விடவில்லை. எனக்குத் தூக்கமும் வரவில்லை.

இன்று மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வருமான வரி நோட்டீஸோடு என் ஆடிட்டர் ஆபீசுக்கு வந்தார்கள். கணவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சம்பளக் காசில் கட்டிய சின்ன வீட்டை மனைவிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். சுற்றுலா வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விடுவது அந்த அம்மாதான். வாடகையும் அந்த அம்மாவின் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. தொகை சின்னது, வரி வராது என்று இருவரும் இருந்துவிட்டார்கள். ஆனால் மனைவிக்குச் சும்மா எழுதிக் கொடுத்த வீட்டின் வாடகை, வரிக்குக் கணவன் வருமானத்தோடுதான் சேரும்.

நான் அவசரப்பட்டு, "அது உங்க வருமானம் இல்லீங்கம்மா, சாரோடதுங்க" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "கூட்டறது, பெட்ஷீட்டு தொவைக்கறது எல்லாம் நானுங்க. ஊடும் எம்பேர்லதானுங்க இருக்குது?"

கணவர் பதறினார். "உட்டுப்போன வரிய நான் கட்டீர்றனுங்க. ஊடு அவளுதாவே இருக்கட்டுமுங்க."

என் பிழை அப்போதுதான் உறைத்தது. வீடும் வாடகையும் அந்த அம்மாவுடையவை, வரி மட்டுமே கணவர் தலையில் என்று பொறுமையாக விளக்கினேன். இருவரும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

வாசல்வரை போன அந்த அம்மா மட்டும் திரும்பி வந்தார். "ஏனுங்க, நாளைக்கு ஒரு குடும்பம் தங்க வருதுங்க. ரசீதுல எம்பேரே போடலாமுங்களா?"

"தாராளமா போடுங்கம்மா" என்றேன்.

இத்தனை நாள் அந்த அம்மா யாரையும் கேட்காமல் போட்ட பெயர் அது.