யாழனுக்கு ஒரு கம்பளிக் குல்லா

வெயிலுக்கும் கம்பளிக்கும் ஒத்துப்போகாதுதான் அம்மா. குன்னூர்க் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

தாம்பரம் விடுதியில் நான் பின்னல் ஊசியை எடுத்தாலே சிரிக்கிறார்கள். "இன்னாக்கா, வண்டலூர் கொரங்குக்கு ஸ்வெட்டரா?" என்கிறாள் அறைத்தோழி ஜான்சி. குளிரையே காணாத ஜென்மங்கள். வீடியோவில் கற்றுத்தருகிறவள் இன்னும் மோசம். அவள் இளித்து முடிப்பதற்குள் எனக்குப் பாதிப் பின்னல் ஊசியிலிருந்து நழுவிவிடும்.

எப்படியோ யாழனுக்கு ஒரு குல்லா முடித்தேன். ஜான்சி அதைத் தன் முட்டியில் மாட்டிப் பார்த்தாள். "உன் புள்ள நடக்குதுன்னியேக்கா. இது கைக்கொழந்த சைஸா கீதே?"

நான் விட்டுவந்த தலைக்குப் பின்னியிருக்கிறேன். போன் திரையில் எல்லாத் தலையும் ஒரே அளவுதான்.

அவன் தலையை ஒரு நூலால் அளந்து, அந்த நூலையே அனுப்புங்கள். ஆபீஸ் வேன் வந்துவிட்டது. குல்லாவைப் பிரித்து, கம்பளியை உருண்டையாகச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அகிலா