மூச்சு முட்டிய டேங்க்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் குஞ்சு பொரிப்பகத்துக்குப் போனேன். ஜெனரேட்டரின் டீசல் ஃபில்டரைக் கழற்றினால் அடியில் தண்ணீர். டேங்க் மூடியை ஒப்புக்கு மேலே வைத்திருக்கிறார்கள். டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை எடுத்து ஓட்டிக் காட்டினேன். "ஒரு சொட்டு தண்ணி, ஒரு தூசி உள்ள போகக் கூடாது! புரியுதா?"

"புரிஞ்சுது எஞ்சினியர் சார்" என்றார் மாமா. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதே கிண்டல்.

மார்ச் 6, வெள்ளி

கரண்ட் போனதும் ஜெனரேட்டர் கொஞ்சம் ஓடித் திணறி நின்றுவிட்டதாம். ஞாயிறு பொரிய வேண்டிய முட்டைகள். சூடு இறங்கினால் அத்தனையும் போச்சு. அக்கா போனில், "நீ கை வைக்கிறதுக்கு முன்னாடி நல்லாத்தான்டா ஓடிச்சு!"

வந்ததே கோபம் எனக்கு.

மார்ச் 7, சனி

மறுபடி புது ஃபில்டர். குழாயில் கசிவில்லை. பம்ப் சுத்தம். காற்றை எடுத்தால் ஓடுகிறது, பிறகு விக்கி விக்கி நிற்கிறது. டீசல் மோசம் என்று பங்க்காரரைப் போனில் திட்டினேன். இன்ஜெக்டரைக் கழற்றினேன் – அதுவும் சரி. அப்புறம் என்னதான்டா உனக்கு?

டேங்க் பக்கம் திரும்பவே இல்லை. நான் கழுவியதாயிற்றே!

மதியம் மறுபடி கரண்ட் போனது. மாமா முட்டைப் பெட்டிக்குப் போர்வை போர்த்தினார். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். டீசல் இருக்கிறதா என்றாவது பார்ப்போமே என்று போனேன். மூடிமேல் பாலித்தீன் உறை, அதைச் சுற்றி சைக்கிள் ட்யூப், அதற்கும் மேல் டேப்! பிரித்ததும் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுத்தது டேங்க். மூடியில் உள்ள பொடி ஓட்டை வழியாகக் காற்று போனால்தானே டீசல் இறங்கும்?

"யாரு பண்ண வேலை இது?"

"தூசி போகக் கூடாதுன்னு நீதானேடா கத்தினே!" என்றாள் அக்கா. "ஓட்டையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னியா?"

மாமா பிரித்த டேப்பையும் ட்யூபையும் மடித்து என் கையில் வைத்தார். அது கிண்டலைவிட மோசம். காற்றை எடுத்து ஓட்டினேன். கரண்ட் வரும்வரை ஜெனரேட்டர் நிற்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

டேங்குக்கு மேலே தகரக் கூரை அடித்தேன். மூடி ஓட்டையை மாமாவுக்குக் காட்டினேன், கத்தாமல். "உடம்பு சரியில்லையா மாப்ளே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சில முட்டைகள் போய்விட்டன. மற்றவையெல்லாம் பொரிந்தன. அக்கா ஒரு குஞ்சைக் கையில் ஏந்தி வந்தாள்.

"இதுக்கு எஞ்சினியர்னு பேர் வச்சிருக்கேன். முட்டைய உடைச்சு வெளிய வரும்போதே எல்லாரையும் திட்டிக்கிட்டு வந்துச்சு."