அடுப்பில் ஊற்றிய தண்ணீர்

மேயோ, அயர்லாந்து, 1846 ஆகஸ்ட் 2
உருளைக்கிழங்கு பூத்துவிட்டது. போன வருடத்து அழுகல் இந்த வருடம் வராது என்று மலாக்கி சத்தியம் செய்யாத குறை. கட்டியவன் பேச்சை நம்பிவைப்போம்.

ஆகஸ்ட் 5
கதவைத் திறந்ததுமே நாற்றம். பாத்தி முழுக்க இலைகள் கருகிக் கிடந்தன. தோண்டிப் பார்த்தேன். அமுக்கினால் கிழங்குக்குள் விரல் கூழாய் இறங்குகிறது. மலாக்கி வயலில் உட்கார்ந்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, மண்மேல் கோபம்தான் வந்தது. நம்பித்தானே நட்டோம்?

செப்டம்பர் 20
விளைந்த ஓட்ஸ் குத்தகைக்காகப் போய், இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. நாங்கள் தொட்டால் அரிக்கும் செந்தட்டி இலையை அவித்துத் தின்கிறோம்.

தம்பி பெலிம் வந்தான். நிலத்துக்காரரின் ஏஜெண்டிடம் வேலையாம். காலில் புது பூட்ஸ். "குத்தகை பாக்கி, காலி பண்ணுன்னு உன் வீட்டுப் பக்கம் ஒருத்தனும் வரமாட்டான்க்கா. நான் இருக்கேன்ல?" மலாக்கி சர்க்காரின் பஞ்ச நிவாரண ரோட்டு வேலைக்கு எந்தெந்த நாள் போகிறான் என்று விசாரித்தான். அக்கறை என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

நவம்பர் 12
ஏஜெண்டின் ஆட்கள் வந்துவிட்டார்கள், வீட்டைக் காலி செய்ய, கடப்பாரைகளோடு. மலாக்கி மலைக்கு அப்பால் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போயிருந்தான்.

அடுப்பை அணைத்தால்தான் வீடு காலியானதாக அர்த்தம். அம்மா காலத்திலிருந்து அணையாத நெருப்பு. வந்தவர்களில் ஒருவனுக்கும் கை வரவில்லை. வாளியோடு உள்ளே நுழைந்தது — பெலிம்.

"டேய், உன் கல்யாணத்தன்னிக்கு இதுலேருந்துதானடா கங்கு எடுத்துட்டுப் போன?"

"நான் ஊத்தலேன்னா இன்னொருத்தன் ஊத்துவான். நகருக்கா."

ஊற்றினான். அப்புறம் கூரையைப் பிரித்தார்கள்.

பாவி! எந்த நாள்ல வரணும்னு நானே சொல்லிக் குடுத்திருக்கேனே — இந்த வாயை என்ன செய்யறது?

நவம்பர் 13
மழை. வரப்போரப் பள்ளத்தின்மேல் உடைந்த கட்டைகளைச் சாய்த்து நானும் மலாக்கியும் ஒண்டியிருக்கிறோம். எங்களுக்கு நெருப்புக் கொடுத்தால் தங்கள் கூரையும் போகும் என்று அக்கம்பக்கத்தில் யாரும் கதவைத் திறக்கவில்லை.

நவம்பர் 15
பெலிமின் மனைவி ஊனா வந்தாள். சால்வைக்குள் ஒரு சட்டி, அதில் கங்கு.

"உங்க அம்மா நெருப்புதான்க்கா. எங்க அடுப்புல இருந்த மிச்சத்துல தண்ணிய ஊத்திட்டேன். அவர் கேட்டா, உங்க அக்காகிட்டப் போய் வாங்கிக்குங்கன்னு சொல்லுவேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அன்றைக்கு வராத அழுகையெல்லாம் அழுதேன்.

நவம்பர் 16
பெலிம் வந்தான். சட்டியை நீட்டி, "அக்கா" என்றான். நெருப்பை மறைத்தபடி உட்கார்ந்திருந்தேன், நகரவில்லை. வெறும் சட்டியோடு திரும்பிப் போனான்.