மேற்கே பார்த்துச் சொன்னது

மின்யா,
பிறப்புத் திருநாள் நோன்பின் முதல் வாரம்

மருமகள் நர்தீனுக்கு,

உன் மாமியார் ஹெலானா எழுதுவது. சுகமா என்று கேட்டால் சுகம் என்பாய்; அதனால் கேட்கவில்லை.

என் பேத்தி தெக்லாவை இங்கே அனுப்பிவிடு. என் மகன் பாஸிலி கண்ணை மூடியபோது அவளுக்கு இரண்டு வயது. இப்போது ஏழு. நீ ஆஸ்பத்திரி வேலை என்று ஓடுகிறாய். பிள்ளை இரீனி வீட்டில் தின்று, இரீனி வீட்டில் தூங்குகிறாளாம். கோயிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள் அவள்; பாடத்தோடு நிற்கட்டும். அப்பனைப் பெற்றவள் உயிரோடிருக்க, சபைக்காரர்கள் எதற்கு வளர்க்கிறார்கள்? ஞானஸ்நானத்தன்று பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கி அவளிடம் கொடுத்தீர்களே, அது எனக்கு மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

ஹெலானா


ஷுப்ரா,
நோன்பின் மூன்றாம் வாரம்

அத்தைக்கு,

கோபத்தோடுதான் உங்கள் கையை முத்தமிடுகிறேன்.

பிடுங்கினோமா? ஞானத்தாயாக முதலில் நின்றது நீங்கள்தான். ஞானத்தாய் பிள்ளையை ஏந்தி, சாத்தானின் திசையான மேற்கே திரும்பிக் கையை ஓங்கி, குருவான அபூனா சொல்லச் சொல்ல, “சாத்தானே, உன்னை விட்டேன்” என்று சொல்ல வேண்டும். மேற்குத் தூணருகே உங்கள் ஓரகத்தி பஹிய்யா நின்றார். நீங்கள் சொன்னது, “பஹிய்யா, உன்ன விட்டேன்! உன் அசுத்தத்தையும் விட்டேன்!”

“அம்மா, நான் சொன்ன பேரு அது இல்லியே” என்றார் அபூனா.

“எனக்குத் தெரிஞ்ச சாத்தான் இவதான் சாமி. என் கல்யாணத்துல உப்பில்லாம சோறாக்கிப் போட்டவ.”

அதற்குப் பிறகுதான் இரீனி பிள்ளையை வாங்கி ஞானத்தாயானாள்.

தெக்லாவுக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்தவள் அவள். ஜெபம் சொல்லிக் கொடுத்தவள் அவள். கோயில் மணியடிக்கிறவர்தான் தினமும் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். உங்கள் மகனின் அடக்கம் முடிந்த அன்றே ரயிலேறிய நீங்கள் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

பிள்ளையை அனுப்ப மாட்டேன். உங்கள் வன்மத்தை அவளுக்கு ஊட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்தால் வந்து பாருங்கள்.

நர்தீன்


மின்யா,
பிறப்புத் திருநாளுக்குப் பின்

நர்தீனுக்கு,

வாக்கெல்லாம் கொடுப்பதில்லை. சொல்லாமல் வந்தேன். நீ வேலையில் இருந்தாய்.

பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றேன். “தெக்லா, ஓடாத!” என்று இரீனி கத்தினாள். அதனால்தான் எனக்குப் பிள்ளை எதுவென்று தெரிந்தது. அப்படியே பாஸிலியின் காது. நேரே என்னிடம் வந்து பூசை ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள்.

“இந்தாங்க பாட்டி.”

“நான் யாருன்னு தெரியுதாடி?”

“தெரியலியே. தனியா நிக்கிறவங்களுக்கு மொதல்ல குடுக்கணும்னு தசோனி சொல்லிருக்காங்க. உங்க பேரென்ன?”

இரீனியைத்தான் பிள்ளைகள் தசோனி என்கின்றன. அவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது, வாய் திறக்கவில்லை. அந்த மட்டுக்கு அறிவிருக்கிறது.

நான் பேரைச் சொல்லவில்லை. ரொட்டியைத் தின்றுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பிள்ளையை அனுப்ப வேண்டாம். நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இனி எழுதாதே.

பாஸிலியின் தாய்